ஒன்றரை மணி நேரம் நான் சர்க்காராக இருந்தேன்

நான் ஒரு முறை சர்க்காராக இருந்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம். நியமன உத்தரவு இல்லை, சம்பளம் இல்லை; ஆனால் உட்கார நாற்காலி இருந்தது, குடிக்கப் பாலில்லாத கட்டஞ்சாயா இருந்தது, எதிரே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில், எனக்கு எந்த உரிமையும் இல்லாத ஒரு பஸ்ஸை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. செய்த தப்புகளில் பலவற்றை மறந்துவிட்டேன். இதை மட்டும் மறக்க வீட்டில் யாரும் விடவில்லை.

எழுபத்துமூன்றாம் வருஷம். தம்பானூரில் மோட்டார் பம்பு விற்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். கிழக்கேகோட்டையில், அக்ரஹாரத் தெருவில், அக்கா வீட்டில் வாசம். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியார். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கல்யாணத்தில் எங்கள் அப்பா மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்தது. மற்ற மாப்பிள்ளைகள் மோதிரத்தைப் பார்த்துக்கொள்வதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டார். முக்கியமாக அதன் பெல். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை ஒலிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, குனிந்து, காதை அருகே கொண்டுபோய், ஒலிக்க வைத்துக் கேட்பார். (அக்காவின் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சைக்கிளை நான் இரவல் வாங்குவேன். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வரை போய்வரத்தான் என்று அத்திம்பேர் நினைத்திருந்தார். நான் முதல் பஸ்ஸின் கூரையில் அதைக் கட்டி, நெடுமங்காடு தாண்டி, விதுராவில் இறக்கி, பொன்முடி மலையடிவாரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சும்மாதான். அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது ஆபீசுக்குப் போக, பால் கொண்டுபோக, அரிசி மூட்டை ஏற்றிவர. சும்மா மலையேறுவதற்காகச் சைக்கிள் ஓட்டுகிறவன் ஒருவன் உண்டு என்று சொன்னால், அவனை நல்ல வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஜனவரியில் முன்சக்கரத்தில் ஒரு சைக்ளோமீட்டர் மாட்டியிருந்தேன். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள சின்ன யந்திரம். சக்கரத்தின் ஆரக்காலில் பொருத்திய முளை ஒவ்வொரு சுற்றுக்கும் அதைத் தட்டும். அது எத்தனை மைல் என்று எண்ணிக்கொண்டே வரும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஓடைப்பாலத்திலும் இறங்கி, மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதுவேன். காக்கி அரை நிஜார். தலையில் அப்பாவின் பழைய தக்கைத் தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது துணிச்சலான ஒரு மனிதன் தெரிந்தான். மற்றவர்கள் பார்த்தது வேறு ஒரு மனிதனை.

கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தார் ரோட்டிலிருந்து ஒரு சரளைக்கல் பாதை பிரிந்து தேயிலைத் தோட்டத்துக்குள் போகும். குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில் காவற்காரரின் ஓலைக் கொட்டகை. அவர் என் தொப்பியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், குனிந்து மீட்டரைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"சர்வேயாணோ, சாரே?"

அளவெடுக்க வந்தீர்களா என்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு சொல்தான் செலவு. ஆனால் சங்கிலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பாதை கிடந்தது. செம்மண்ணும் சரளையுமாக, பனியில் பாதி கரைந்து, யாரும் இல்லாமல். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை, ஆகவே அது பொய் இல்லை என்று அப்போது எனக்கு ஒரு வாதம் இருந்தது. சங்கிலி இறங்கியது.

அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படிப் புத்தி கெட்டுப் போனேன் என்பது புரியாது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் மட்டக்குதிரை களைக்காமல் ஏறுவதற்காகப் போட்ட பாதை. எங்கும் செங்குத்து இல்லை. ஒரே சீரான ஏற்றம், தூக்கம் வருகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. தேயிலை ஃபாக்டரி இருப்பது மலையின் மறுபக்கம். கொழுந்தும் டிராக்டரும் அந்தப் பக்கமே போய்விடும். இந்தப் பக்கம் ஒரு வண்டி கிடையாது. டயருக்கு அடியில் சரளை நறநறவென்று அரைபடும் சத்தம், மீட்டரின் டிக் டிக், எங்கோ தண்ணீர். பனி விலகும்போது ஒரு சரிவு முழுக்கத் தேயிலை. மூடும்போது கைப்பிடிகூடத் தெரியாது. நான் ஏறுகிறேனா, மலை என்னை விட்டு இறங்குகிறதா என்று தெரியாத ஒரு நிலை. பம்புக் கம்பெனி, மேனேஜர், டைப்ரைட்டரில் உடைந்த 'ஆர்' எழுத்து, எல்லாம் வேறு யாருக்கோ நடந்தவை. நடுநடுவே இறங்கி, மீட்டர் பார்த்து, எழுதினேன். ஒரு குழியைக் கண்டால் அதையும் எழுதினேன்.

மேலே சரிவிலிருந்து யாரோ அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீழ்க்கை கேட்டது. அடுத்த சரிவில் இன்னொன்று. பறவை என்று நினைத்தேன். (எந்தப் பறவை என்றுகூட நோட்டில் ஊகித்து எழுதியிருக்கிறேன்.)

நாலரை மைல் முடிந்ததும் பனியிலிருந்து தகரக் கூரைகள் வந்தன. மேல் டிவிஷன் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதன் முன்னால் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் இருந்தார்கள். யாரோ ஒரு நாற்காலியைத் துடைத்தார்கள்.

எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மலையேறியவர்கள். அவர்களுக்காகப் பேசியவள் பேச்சியம்மாள் என்ற பெண். நாற்பது வயது இருக்கும், கொழுந்துக்கறை படிந்த விரல்கள், நேர்ப் பார்வை. பக்கத்தில் அவளுடைய மகள் இசக்கி, பன்னிரண்டு பதின்மூன்று வயது, என்னைப் பார்க்காமல் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோடு அளந்தாச்சா, சாரே? நாங்க மனு குடுத்து ஆறு வருசமாச்சு. இப்பமாவது வந்தியளே," என்றாள் பேச்சியம்மாள். "எம் மவ ஏளாங்கிளாஸு பாஸாவப் போறா. மேக்கொண்டு படிக்கணும்னா விதுராவுக்குத்தான் போவணும். நடந்து போயி நடந்து திரும்பினா இருட்டிரும். ஆனை எறங்குத வழி. பஸ்ஸு வந்தா படிப்பா. வராட்டி ஜூன் மாசம் எங்கூட கொழுந்து கிள்ள வருவா. அவ்வளவுதான்."

இந்த இடத்தில்தான் ஒரு மனிதன் எழுந்து நின்று உண்மையைச் சொல்வான். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். சாயாவை உறிஞ்சினேன். இருபத்துநாலு வருஷ வாழ்க்கையில் என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. மேனேஜர் என் பெயரையே மாற்றித்தான் கூப்பிடுவார். தொப்பியைச் சரி செய்து, வானொலிச் செய்தி வாசிப்பவரின் தமிழில் பேசினேன். பாதையில் குழிகள் அதிகம். இந்த நிலையில் பஸ்ஸின் ஆக்ஸில் தாங்காது. வளைவுகளில் எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் இல்லை. மற்றபடி பரிசீலிக்கலாம்.

"பள்ளிக்கூடம் தொறக்கையில வந்துருமா?" என்று இசக்கி கேட்டாள். முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"வந்துடும்," என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கிளம்பும்போது இரண்டு அவித்த முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் பரம்பரையில் முட்டையைத் தொட்டவர் இல்லை. ஆனால் சர்க்கார் முட்டையை மறுக்குமா? நன்றி சொல்லி நிஜார்ப் பையில் போட்டுக்கொண்டேன். நாலரை மைல் சரளை இறக்கம் அவற்றை என்ன செய்தது என்பது விதுரா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். அவர் நெடுமங்காடு வருவதற்குள் இடம் மாறிவிட்டார். வீட்டில் நிஜாரை நனைக்க எடுத்த அக்கா, ஓட்டுத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தாள். அன்று எனக்கு விசாரணை நடந்தது, பிராயச்சித்தம் நடந்தது. எல்லாம் முட்டைக்கு. பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆபீசில் மட்டும் சொன்னேன், வேடிக்கைக் கதையாக. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் கேண்டீனில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

மே மாசக் கடைசி ஞாயிறு மறுபடி அங்கே போனேன். மனச்சாட்சி உறுத்திப் போனேன் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. அந்தப் பாதை கனவில் வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் வரவில்லை, பாதை மட்டும் வந்தது.

காவற்காரர் கேட்காமலே சங்கிலியை இறக்கினார். ஏறத் தொடங்கினேன். சில நூறு அடி போனதும் ஏதோ வித்தியாசம். சைக்கிள் குதிக்கவில்லை. சரளையின் சத்தமே மாறியிருந்தது. நறநறப்பு போய், மெத்தென்று, மழை தூரத்தில் பெய்வதுபோல ஒரு ஓசை. குழிகள் இல்லை. ஒரே அளவான சின்னக் கற்கள், அரிசி பரப்பியதுபோல. ஓரங்களில் புல் செதுக்கியிருந்தது. வளைவுகளில் மலையை வெட்டி, ஒதுங்க இடம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. இந்தப் பாதைக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுகமாகச் சைக்கிள் ஓட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டுகூடச் சிறிது தூரம் மிதித்தேன். முதல் மழைக்கு முந்தின வாசனை, வெள்ளைப் பனி, டிக் டிக் டிக். நாலரை மைலும் தூங்கிக்கொண்டே மேகத்தில் ஏறுகிறவன்போலப் போனேன்.

பனி விலகியது. லயத்துக்கு முன்னால் மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்து, உட்காரப் பலகை அடித்து ஒரு பஸ் ஸ்டாப் நின்றது.

நான் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. விழுந்தேன்.

பேச்சியம்மாள்தான் முதலில் வந்தாள். உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து காய்ந்த தடங்கள். பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஓய்வு நாளில், ஓடையிலிருந்து கல் சுமந்து, உடைத்து, பரப்பியிருக்கிறார்கள். நான் நோட்டில் எழுதிய குழிகளை மட்டும் அல்ல, எழுதாததையும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இசக்கி எண்ணெய் வைத்துத் தலை பின்னியிருந்தாள்.

"பஸ்ஸு எத்தனை மணிக்கு, சாரே?"

சொல்லிவிட்டேன். நான் சர்வே ஆபீசர் இல்லை, பம்புக் கம்பெனி குமாஸ்தா, பஸ் கிடையாது, எனக்கு யாரையும் தெரியாது. வானொலித் தமிழ் போய், வீட்டுத் தமிழ் வந்து, அதுவும் பாதியில் நின்றது. யாரும் அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தேன்.

"பொறவு எதுக்கு இங்க வந்தே?" என்றாள் பேச்சியம்மாள். 'வந்தியளே' போய் 'வந்தே' ஆகியிருந்தது.

"சும்மா. சைக்கிள் ஓட்ட."

"சும்மாவா?"

"ஆமா."

கூட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பய இன்னும் பொய் சொல்லுதான்," என்றாள்.

பொய்யை உடனே நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. மீட்டரைக் காட்டினேன், நோட்டைக் காட்டினேன், என்னை யாரும் அனுப்பவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். ஒரு கிழவர் பரிதாபப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார். இசக்கி மட்டும் விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். தூசி தட்டினாள். பெல்லை அமுக்கினாள். அது இரண்டு தடவை ஒலித்தது.

"எம்மா, பஸ்ஸு வராட்டி என்ன? ரோடுதான் இருக்கே," என்றாள்.

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. எடுத்துக்கொள், உனக்கே, என்றேன். எப்படி ஏறுவது, எங்கே பார்ப்பது என்று பெரிதாக விளக்கத் தொடங்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு கூட ஓடினேன். பத்தடியில் கால் இடறி நான் தேயிலைப் புதருக்குள் போனேன். அவள் பாருக்கு அடியில் காலை நுழைத்து அரைப் பெடலில் பனிக்குள் போய்விட்டாள். பெல் சத்தம் மட்டும் கீழே கீழே போனது. ஒரு லாரி கிடையாது, ஒரு மாட்டுவண்டி கிடையாது, மோத ஒரு ஆள் கிடையாது. சைக்கிள் கற்க இந்த ஜில்லாவிலேயே அதைவிட நல்ல பாதை இல்லை. அதை அவர்களே போட்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, முழங்கால் தோல் உரிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள்.

"பிரேக்கு எங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

பேச்சியம்மாள் அப்போதும் சம்மதிக்கவில்லை. சைக்கிள் யாருடையது என்று கேட்டாள். அத்திம்பேருடையது என்றேன்.

"அதும் உன்னுது இல்லியா?"

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், அழுகை வராமல் இருந்திருந்தால். முடிவாக அவள் சொன்னது இது: ஒரு வாரம் பொறுப்பாள். உடைமைக்காரர் தன் கையால் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் சைக்கிள் திரும்பி வரும், மகள் கொழுந்து கிள்ளப் போவாள். இரவல் பொருளில் ஏறி அவள் மகள் படிக்க வேண்டாம்.

அத்திம்பேரின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்தேன். சைக்கிளில் கனவாக இருந்த நாலரை மைல், காலுக்கு முழு நாலரை மைலாக இருந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. கீழே காவற்காரர் எழுந்து நின்று, "சர்வே கழிஞ்ஞோ, சாரே?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

அன்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். சீர் சைக்கிளைத் தானம் செய்த மைத்துனன் எந்தக் குடும்பத்திலும் இல்லையாக்கும் என்றாள். அத்திம்பேர் மோரை ஊற்றிக்கொண்டு, கையலம்பி, எழுந்து போனார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார். செவ்வாய்க்கிழமையும். அங்கே மலையில் ஒரு வாரம் குறைந்துகொண்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பெல்லையுமாடா குடுத்துட்டே?"

"ஆமா, அத்திம்பேர்."

"அவளுக்குப் பெல்லு பிடிச்சுதோ?"

"சைக்கிளைத் தூக்கி நிறுத்தினதும் முதல்ல அதைத்தான் அடிச்சா."

பிறகு போய் ஒரு தபால் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தேன். சம்மதம் ஒரே வரி. மீதி கார்டு முழுக்க பெல்லுக்கு எண்ணெய் விடுவது எப்படி என்று இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும், இரண்டே சொட்டு, தேங்காய் எண்ணெய் கூடாது.

அதற்கு இசக்கியின் பதில் வந்தது. அதற்குப் பின் மாசம் ஒரு கார்டு. எல்லாம் அத்திம்பேருக்கே. 'மீட்டர் 812. பெல் சௌக்கியம்.' 'மீட்டர் 1340. டயர் மாற்றினோம். பெல் சௌக்கியம்.' காலையில் சங்கிலி வரை சைக்கிளில் இறங்கி, அதைக் காவற்காரரிடம் விட்டு, பொன்முடியிலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடிப்பாள்; சாயங்காலம் பாதி மிதித்து, பாதி தள்ளி, வெளிச்சம் போவதற்குள் மேலே போய்விடுவாள். அத்திம்பேர் கார்டை உரக்கப் படிப்பார், என் பக்கம் பார்க்காமல். நடந்து நடந்து அவருடைய வாயுத் தொல்லை போய்விட்டது. அதற்காக எனக்கு நன்றி சொன்னதில்லை.

நான் என் பங்குக்கு மனு எழுதினேன். மேல் டிவிஷன்காரர்களின் மனு ஆறு வருஷமும் தமிழில் போயிருந்தது. ஆபீசில் அதைப் படிக்க ஆள் இல்லையோ, மனம் இல்லையோ. நான் மலையாளத்தில் எழுதினேன். ஒவ்வொரு ஜூன் மாசமும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நாற்காலியில் சாய்ந்திருந்த யாரோ ஒருவர் முன்னால் நின்றேன். பரிசீலிக்கலாம் என்றார். அவருக்கு அந்தச் சொல் எப்படி இனிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இசக்கி பத்தாம் வகுப்பில் இரண்டாவது முயற்சியில் தேறினாள். பிறகு அந்த மலைக்கே தபால் கொண்டுபோகிற வேலை கிடைத்தது, சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதால். ஒரு நாள் வந்த கார்டு: 'மீட்டர் 9999 முடிந்து மறுபடி 0000. பெல் சௌக்கியம். பஸ் இன்னும் வரவில்லை என்று ஆபீசரிடம் சொல்லவும்.' அத்திம்பேர் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாம் தடவை என் பக்கம் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஆபீசர் என்று பெயர். என் மனைவியும் அந்தப் பெயரைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள்.

பஸ் எண்பத்தைந்தில் வந்தது. என் மனுவால் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆதாரமும் இல்லை. எனக்கு அது தெரிந்தது ஒரு கார்டால். முதன்முதலாக என் பெயருக்கு வந்த கார்டு. பெயருக்குப் பின்னால் கமா போட்டு, 'சர்வே ஆபீசர்' என்று எழுதியிருந்தது.

'பஸ் வந்துவிட்டது, சார். பன்னிரண்டு வருஷம் லேட். அம்மா முதல் சீட்டில் உட்கார்ந்து விதுரா போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். எதற்குப் போனாய் என்று கேட்டேன். சும்மா என்றாள்.'

அந்தக் கார்டு என்னிடம் இருக்கிறது. அத்திம்பேர் இப்போது இல்லை. அவருடைய பேத்தி, டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்தால், எனக்குத்தான் ஃபோன் செய்கிறாள்.

"ஆபீசர் தாத்தா, இது நீங்க விட்ட பஸ்ஸாக்குமோ?"

ஆமாம், வந்துவிடும் என்கிறேன்.